எங்க ஊர்ல ஒருத்தி

கம்பெனி பஸ்ஸில் கடைசி இரண்டு வரிசையும் எங்களுடையது. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, நாங்களே எடுத்துக்கொண்டோம். ஆந்திர எல்லையில், விஜயபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிற ஆறு பெண்கள். எல்லாரும் பேக்கிங் பிரிவு, எல்லாரும் முப்பத்தைந்தைத் தாண்டியவர்கள். முன் சீட்டுச் சின்னப் பெண்கள் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு ஏறியவுடனே தூங்கிவிடுவார்கள். எங்களுக்குத் தூக்கம் வராது, வந்தாலும் பக்கத்தில் இருப்பவள் விடமாட்டாள். போக ஒன்றேகால் மணி நேரம், திரும்பி வர ஒன்றேகால் மணி நேரம், அத்தனை நேரமும் பேச்சுதான்.

அந்தப் பேச்சுக்குத் தலைவி கிடையாது. கம்பெனியிலும் அவ்வப்போது மீட்டிங் வைப்பார்கள். எங்களை வட்டமாக உட்காரவைத்து, ஒரு சார் நடுவில் நின்றுகொண்டு, 'மீரு செப்பண்டம்மா', நீங்க சொல்லுங்கம்மா என்று ஒவ்வொருத்தியாகக் கை காட்டுவார். கை நம் பக்கம் திரும்பியதும் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். 'அந்தா பாக உந்தி சார்', எல்லாம் நல்லா இருக்கு சார் என்று சொல்லிவிட்டு எல்லாரும் டீ குடிக்கப் போய்விடுவோம். பஸ்ஸில் கை காட்ட ஆள் இல்லை. எவள் முதலில் வாயைத் திறக்கிறாளோ அவளுடையதுதான் அன்றைய பேச்சு. பிடித்தால் சேர்ந்துகொள்ளலாம், பிடிக்காவிட்டால் ஜன்னலைப் பார்க்கலாம். மாமியாரில் ஆரம்பித்து ஆதார் கார்டில் போய் முடியும். நாகலாபுரம் தாண்டும்போது சிரித்துக்கொண்டிருப்போம், சத்தியவேடு வருவதற்குள் ஒருத்தி அழுதுகொண்டிருப்பாள்.

யாரும் வைக்காமலே இரண்டு சட்டங்கள் மட்டும் வந்து சேர்ந்துவிட்டன. ஒன்று, பஸ்ஸை விட்டு இறங்கினால் பேச்சு முடிந்தது. நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று யாரும் எடுக்கக் கூடாது. இன்னொன்று 'ஒருத்தி'.

சொந்தக் கஷ்டத்தை எவளும் சொந்தக் கஷ்டமாகச் சொல்லமாட்டாள். 'எங்க ஊர்ல ஒருத்தி' என்றுதான் ஆரம்பிப்பாள். எங்க ஊர்ல ஒருத்தி, அவ புருஷன் குடிச்சிட்டு வந்து அடிக்கிறான். எங்க ஊர்ல ஒருத்தி, அவ மாமனார் பார்க்கிற பார்வை சரியில்ல. கன்னத்தில் விரல் பதிந்திருக்கும், அதைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு அந்த ஒருத்தியின் கதையைச் சொல்லுவாள். நாங்களும் அவள் முகத்தைப் பார்க்காமல் அந்த ஒருத்திக்குப் புத்தி சொல்லுவோம். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகச் சொல்லு, அம்மா வீட்டுக்குப் போகச் சொல்லு, உலக்கையை எடுக்கச் சொல்லு. 'அது நீயா' என்று மட்டும் கேட்கவே மாட்டோம். அதைக் கேட்டுவிட்டால் அப்புறம் எவளும் வாயைத் திறக்கமாட்டாள் என்று எல்லாருக்கும் தெரியும். சொன்னவள் இறங்கிப் போய், ஆறு பேரும் பேசி முடித்ததில் எது தேறியதோ அதைச் செய்வாள். நல்லதுதான் நடந்தது, பல பேருக்கு. அடி வாங்கியவள் இப்போது அம்மா ஊரில் தனிச் சமையல். அதனால்தான் எங்களுக்குத் திமிர் ஏறியது. எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே ஏறியது.

என் வாய் அப்படி. நான் திருத்தணிப் பக்கத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். பிறந்த ஊரிலேயே என்னை வாயாடி என்பார்கள். பஸ்ஸில் நான் ஒன்று சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள், சிரித்தபிறகு அதுதான் முடிவு என்று ஆகிவிடும். அது எனக்குப் பிடித்திருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

எங்களில் ஒருத்தி என் தெருக்காரி. என்னைவிட இரண்டு வயது சின்னவள், என்னை அக்கா என்பாள். அவள் வீட்டுக்காரர் குத்தகை நிலத்தில் வேர்க்கடலை போடுகிறவர், ஊமை மாதிரி மனுஷன். ஒரே பெண், புத்தூரில் டிகிரி முடித்திருந்தாள். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமான மறுநாள், என் தெருக்காரி ஒரு டப்பா நிறைய லட்டு கொண்டுவந்து கடைசி இரண்டு வரிசைக்கும் கொடுத்தாள். நாராயணவனம் கோயிலில் முகூர்த்தம், நாலு மாதம் கழித்து. பஸ் முழுக்க நெய் வாசனை. சேலை எங்கே எடுப்பது, சமையலுக்கு யாரைக் கூப்பிடுவது என்று எல்லாரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தோம்.

அந்தச் சத்தத்தின் நடுவில்தான் சொன்னாள். லட்டைக் கடித்துக்கொண்டே, சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"யக்கா, எங்க ஊர்ல ஒருத்தி கீறா. மாருல கட்டி. வலியும் இல்ல, ஒன்னும் இல்ல, சும்மா கல்லு மாரி கீது. பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கா. இப்போ ஆஸ்பத்திரிக்கிப் போனா பையன் வூட்டுல தெரிஞ்சிடும். அம்மாளுக்கு இருந்தா பொண்ணுக்கும் வரும்னு சொல்லுவாங்கோ, கல்யாணமே நின்னுபூடும். அவ இன்னா பண்றது?"

இதைப் படிக்கிறவர்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும். எங்களுக்குத் தெரியவில்லை. 'ஒருத்தி' கதையைச் சொல்லுகிறவள் குரலைத் தாழ்த்துவாள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள், அதுதான் வழக்கம். லட்டு தின்றுகொண்டு ஒருத்தியும் சொன்னதில்லை. அதனால் இது உண்மையாகவே வேறு எவளுடையதோ கதை என்று எடுத்துக்கொண்டோம். மற்ற நாலு பேரைப் பற்றி அப்படித்தான் சொல்லமுடியும். என்னைப் பற்றிச் சொன்னால் அது பாதி பொய். அவள் ஐந்து பேரிடம் கேட்டாலும் என்னை மட்டும்தான் பார்த்தாள். அது அவளேதானோ என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது. ஆனால் கேட்கக் கூடாது என்பது சட்டம், அந்தச் சட்டம் அப்போது எனக்கு வசதியாகவும் இருந்தது.

எங்கள் ஆறு பேரில் தெலுங்கு அக்கா ஒருத்தி இருந்தாள். எங்கள் எல்லாரையும்விட மூத்தவள், அதிகம் பேசமாட்டாள். அவள்தான் முதலில் சொன்னாள்.

"வெண்டனே போவணும்மா. ரேப்பே போவச் சொல்லு. கல்யாணம் நின்னா இன்னொன்னு வரும்."

உடனே, நாளைக்கே என்று அவள் சொன்னதும் சிரிப்பு நின்றுபோனது. கல்யாணம் பேசிக்கொண்டிருந்த இடத்தில் இப்படி ஒரு பேச்சு வந்ததே என்று எனக்கு எரிச்சல். எல்லாரையும் மறுபடி சிரிக்கவைக்க வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

"நாலு மாசத்துல அந்தக் கட்டி இன்னா எய்ந்து ஓடியா பூடப் போவுது?" என்றேன். "வலிக்காத கட்டிக்கு இன்னாத்துக்கு ஊரக் கூட்டணும்? பொண்ணு கய்த்துல மூணு முடிச்சு வியட்டும், அப்பால அவ கட்டியும் கூட்டிக்கினு, சம்பந்தியம்மாளையும் கூட்டிக்கினு ஆஸ்பத்திரிக்கிப் போவச் சொல்லு."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். 'அதுவும் சரிதான்' என்றாள் ஒருத்தி. 'எங்க சித்திக்கும் கட்டி இருந்துச்சு, தானா கரைஞ்சிபூட்சி' என்றாள் இன்னொருத்தி. தெலுங்கு அக்கா மட்டும் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அதற்குள் கம்பெனி கேட் வந்துவிட்டது. அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்கினோம். மறுநாள் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை, எடுக்கவும் கூடாது.

கல்யாணம் நன்றாக நடந்தது. நாராயணவனத்தில் கோயில் வாசலில் நின்று போட்டோ எடுத்தோம், ஆறு பேரும் ஒரே நிறத்துச் சேலை. அவள் மெலிந்திருந்தாள். கல்யாண வேலை என்று நினைத்தோம். பெண்ணை அனுப்பும்போது அவள் அழவில்லை, நான்தான் அழுதேன்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தால் திருப்பதி அலிபிரியிலிருந்து நடந்து மலையேறி, படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டிருந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பினாள். துணைக்கு நான் போனேன். விடிந்தும் விடியாத நேரம், படியெல்லாம் ஈரம். அவள் குனிந்து குனிந்து பொட்டு வைத்துக்கொண்டே போனாள். இடது கையால் வைத்தாள்.

"இன்னாடி, சாமி படிக்கிப் பீச்சாங்கையால பொட்டு வெக்கிற? மலை மேல இருக்கறவரு கோச்சிக்கினா என்னிய கேக்காத" என்றேன்.

அவள் இன்னும் நாலைந்து படிக்கு வைத்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள். வலது கையைப் பார்த்தேன். தோளிலிருந்து விரல் வரை வீங்கியிருந்தது. வளையல் ஒன்றும் இல்லை. கல்யாணத்தன்று முழுக்கை ஜாக்கெட் போட்டிருந்தாளே என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. இந்த வெயில் ஊரில் முழுக்கை ஜாக்கெட்டா என்று அதையும் கிண்டல் செய்திருந்தேன்.

"தூக்க முடியலக்கா" என்றாள்.

என்ன என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. படியிலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மேலே ஏறுகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"ஏண்டி எங்கிட்ட சொல்லல? தனியா இருக்கும்போது எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேனேக்கா, பஸ்ல."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். அதில் கோபம் இல்லை, குத்தல் இல்லை.   அவளே என் தொடையில் நல்ல கையால் தட்டிக்கொடுத்தாள்.

"நீ சொன்னது சரிதாங்கா. கல்யாணம் இன்னா ஜோரா நடந்துச்சி பாரு. தெலுங்கு அக்கா சொன்னத கேட்டுக்கினு அப்பவே போயிருந்தா இதெல்லாம் பாத்திருக்க முடியுமா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மீதிப் படிக்கெல்லாம் நான் பொட்டு வைத்தேன், அவள் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஆறு இடத்திலாவது உட்கார்ந்து எழுந்திருப்போம்.

மறுநாளே திருப்பதி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். டாக்டரம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, எப்போது முதலில் கையில் தட்டுப்பட்டது என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நானும் குனிந்துகொண்டேன். மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, கொஞ்ச நாள் தேறினாள், பிறகு நுரையீரலுக்குப் போய்விட்டது. ஆறு மாதம்கூட இருக்கவில்லை. கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதும், பஸ்ல இன்னா பேச்சு நடக்குது என்று என்னிடம் கேட்பாள். ஏதாவது இட்டுக்கட்டிச் சொல்லுவேன். உண்மையில் பஸ்ஸில் பேச்சே இல்லை. கடைசி இரண்டு வரிசையும் தூங்கப் பழகிவிட்டது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஐந்து பேரும் போயிருந்தோம். வாசலில் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி. அவள் பெண் எங்கள் எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தாள். அழுது அழுது முகம் தடித்திருந்தது.

"அத்த, ஒன்னு கேக்கணும். கட்டி கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்துச்சாம், நைனாவுக்குத் தெரியாதாம். எனக்கும் தெரியாது. நீங்க தெனமும் அம்மா கூடவே போய்க்கினு வந்துக்கினு இருந்தீங்கோ. உங்ககிட்டயாவது சொன்னாங்களா?"

சொல்லியிருக்கலாம். அவள் சொன்னாள், நாங்கள்தான் கேட்கவில்லை, நான்தான் சிரிக்கவைத்தேன் என்று ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன்.

"இல்லடா கண்ணு" என்றேன்.

என் பக்கத்தில் இருந்தவளும் இல்லை என்றாள். அதற்குப் பக்கத்தில் இருந்தவளும். நாங்கள் முன்கூட்டிப் பேசி வைத்துக்கொள்ளவில்லை, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவும் இல்லை. கடைசி நாற்காலியில் தெலுங்கு அக்கா இருந்தாள். அவளுக்குப் பொய் சொல்ல எந்த அவசியமும் இல்லை. அன்றைக்குச் சரியாகச் சொன்னவள் அவள் ஒருத்திதான். 

"லேதம்மா. எவருக்கும் செப்பலேது" என்றாள்.

பெண் தலையாட்டினாள்.

"அப்போ ஒருத்தருகிட்டயும் சொல்லல. என் கல்யாணம் நிக்கக் கூடாதுன்னு தனியாவே வெச்சிக்கினு இருந்திருக்காங்கோ. நான்தான் அத்த பாத்திருக்கணும். கூடவே படுத்துக்கினு இருந்தவ நான்."

 அவளே எழுந்துபோய் எங்களுக்கு இலை போடச் சொன்னாள். சாப்பிட்டோம். சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது குழந்தை பிறக்கப் போகிறது. அம்மா இல்லாத பெண் என்று எல்லாவற்றுக்கும் எனக்குத்தான் போன் செய்கிறாள். எங்கம்மாவுக்கு நீங்கன்னா உயிரு என்கிறாள். அம்மா என்னால்தான் செத்தாள் என்று நடுநடுவே சொல்லுகிறாள், அப்படியெல்லாம் பேசாதே என்கிறேன். அதற்கு மேல் என்னால் போக முடியவில்லை. முடியாததால்தான் இதையெல்லாம் எழுதினேன். அவள் படிக்கமாட்டாள். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரையும் போலத் தெலுங்கு பள்ளிக்கூடத்தில் படித்தவள், தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. எனக்குத் தெலுங்கில் எழுத வராது. இதை ஒரு சமாதானமாகச் சொல்லிக்கொள்கிறேன், ஆனால் நாங்கள் இரண்டு பேரும் போனில் பேசுவது தமிழில்தான். போன ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிட்டாள், அரைமணி நேரம் பேசினோம். சாப்பிட்டியா என்று கேட்டேன், வெயிலில் போகாதே என்று சொன்னேன், போனை வைத்துவிட்டேன்.