திரையின் இடப்பக்கத்தில் செல்வராணி

செய்தி வந்தபோது நான் துறை அறையில் கணினியின் முன்னால் இருந்தேன். வெளியே சாரல். வடகரையிலிருந்து செல்வராணியின் தம்பி பேசினார். "டீச்சர், அக்கா போயிட்டா. காலையில காப்பி கேட்டா. போட்டுக் கொண்டாரதுக்குள்ள முடிஞ்சிட்டு." நான் "சரி" என்று சொன்னதாக நினைவு. அந்த நேரத்தில் சொல்லக்கூடிய சொல் அதுவல்ல. அன்று காலையிலிருந்தே எனக்குள் ஒரு கலக்கம் இருந்தது. திரையின் இடப்பக்கத்தில் புதிதாக எதுவும் வந்திருக்கவில்லை.

செல்வராணியைப் பொருளியல் ஆசிரியராக, இந்த நினைவு மலரைப் படிக்கும் உங்களில் பலர் அறிவீர்கள். வகுப்பில் அவர் எப்படி என்பதை அவருடைய மாணவியர் என்னைவிட நன்றாக எழுதுவார்கள். தென்காசிக் கல்லூரி ஒன்றில் ஒரே துறையில், ஒரே அறையில், ஒரே கணினியைப் பகிர்ந்துகொண்டு நானும் அவரும் வேலை பார்த்தோம். எனக்குத் தெரிந்தது அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்த செல்வராணிதான்.

இணையத்தில் நான் எதையும் திறப்பேன், எதையும் மூடமாட்டேன். திரையின் மேலே டேப்புகள் நெருங்கி நெருங்கி, தலைப்பே தெரியாத துணுக்குகளாகிவிடும். வேண்டியதைக் கண்டுபிடிக்க ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பேன். ஒருநாள் என் பின்னால் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "ஏட்டி கோமதி, என்னட்டி இது, சீசன்ல குத்தாலம் பஸ்ஸு மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு தொங்குது?" என்றார். அதே வாரம் கணினியில் வேறொரு பிரவுசரை நிறுவினார்.

நேரத்தை மிச்சப்படுத்தும் என்று சொல்லப்படும் எதையும் நான் எளிதில் நம்புவதில்லை. "எதுல தொறந்தாலும் அதே பக்கம்தான மேடம் வரும்?" என்று கேட்டேன்.

"பஸ்ஸு அதே பஸ்ஸுதான். சன்னல் சீட்டு கெடச்சா வேண்டாம்பியா?"

புதிய பிரவுசரில் டேப்புகள் இடப்பக்கத்தில், மேலிருந்து கீழாக, முழுத் தலைப்போடு நின்றன. விளம்பரங்கள் வரவில்லை. திரையை நடுவில் பிரித்து இரண்டு பக்கங்களை அருகருகே வைக்க முடிந்தது. குற்றாலத்துச் சீசன் கடைகளில் வேலை பார்க்கும் பெண்களைப் பற்றி நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தோம். முன்பெல்லாம் ஓர் அட்டவணையில் எண்ணைப் பார்த்து, மனத்தில் இருத்திக்கொண்டு, எங்கள் அத்தியாயத்துக்குத் திரும்புவதற்குள் அதை மறந்துவிடுவேன். மறுபடியும் அட்டவணைக்குப் போவேன். இப்போது அட்டவணை ஒரு பாதியில், அத்தியாயம் மறு பாதியில். கண் மட்டும் நகர்ந்தால் போதும். இது பெரிய விஷயமில்லை என்றுதான் அவரிடம் சொன்னேன். ஆனால் பழைய பிரவுசருக்கு நான் திரும்பவில்லை.

வேலைகளைத் தனித்தனி அறைகளாகப் பிரித்து வைக்கும் வசதியும் அதில் இருந்தது. செல்வராணி அந்த அறைகளுக்கு அருவிகளின் பெயர்களை வைத்தார். கல்லூரி வேலை பேரருவி. அங்கே எப்போதும் கூட்டம். மின்கட்டணம், மருந்து, வீட்டுக் காரியங்கள் சிற்றருவி. எங்கள் புத்தகம் ஐந்தருவி. ஓர் அருவியில் நிற்கும்போது மற்றவை கண்ணில் படாது. கடைசி மணி அடித்ததும், தண்ணீர் பெருகினால் அருவிக்கரையில் போலீஸ்காரர் விசில் ஊதுவதைப் போல வாயாலேயே ஊதுவார். "வெள்ளம் வருது, வெள்ளம் வருது! எல்லாரும் வெளிய வாங்க!" என்று சத்தம் போட்டுக்கொண்டே எல்லா டேப்புகளையும் மூடுவார். பக்கத்துத் துறைக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

"எல்லாத்தையும் மூடுதீங்களே, நாளைக்கு வேணும்னா?"

"வேணும்னா தேடிக்கிடுவோம். தொறந்து கெடக்கதெல்லாம் வேலை இல்லட்டி. பாதி பயம்."

அந்தப் பிரவுசரிலும் குறை இருந்தது. மதிப்பெண்களைப் பதிவேற்றும் நாளன்று, உறுதிசெய்யச் சொல்லி வரவேண்டிய சிறு பெட்டியை அது விளம்பரம் என்று நினைத்துத் தடுத்துவிட்டது. எத்தனை முறை அழுத்தியும் மதிப்பெண் ஏறவில்லை. எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். "நான் அப்பமே சொன்னேம்லா" என்றேன். அவர் சிரித்தார். "வயலுக்கு எறங்க பழைய செருப்பு. அந்த ஒரு வேலைக்கு மட்டும் பழசையே தொற." தான் பரிந்துரைத்த பொருளின் குறையை இவ்வளவு எளிதாக ஒப்புக்கொண்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அதன் பிறகுதான் அவர் சொன்ன மற்றவற்றையும் நம்பத் தொடங்கினேன்.

பிறகு அவருக்கு உடம்பு முடியாமல் போயிற்று. சிகிச்சை தொடங்கியபின் கல்லூரிக்கு வரவில்லை. ஒருநாள் வடகரையில் அவர் வீட்டுக்குப் போய், புத்தகத்தைச் சற்று ஒத்திவைக்கலாம் என்றேன். தலையணையில் சாய்ந்தபடியே கோபப்பட்டார். "ஒத்திவச்சா யாருட்டி வந்து எழுதுவா? ஒரு நாளைக்கு எனக்குக் கொஞ்ச நேரந்தான் தெம்பு இருக்கு. அதுல பாதிய, எதை எங்கன வச்சேன்னு தேடவே குடுக்கவா?" உற்பத்தித்திறன் என்ற சொல்லை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்கி வந்தவள் நான். அதன் பொருள் எனக்குப் புரிந்தது அந்தக் கட்டிலின் அருகில்தான்.

மடிக்கணினியில், நாங்கள் இருவரும் பயன்படுத்திய அதே பிரவுசர் கணக்கில் நுழைந்து, படுக்கையிலிருந்தே வேலை செய்தார். அங்கே அவர் ஒரு பக்கத்தைத் திறந்தால், இங்கே என் திரையின் இடப்பக்கத்தில், ஐந்தருவியின் கீழ், அதன் தலைப்பு வந்து நிற்கும். கூலி பற்றிய ஒரு கட்டுரை; சற்று நேரம் கழித்து ஒரு கணக்கெடுப்பு அறிக்கை. விழித்துவிட்டார், உட்கார்ந்துவிட்டார் என்று தெரிந்துகொள்வேன். போனில் பேசினால் களைத்துப்போவார். எனக்கும் பேசத் தெரியாது. அந்தத் தலைப்புகளே எங்களுக்குப் போதுமானவையாக இருந்தன. யாரும் இல்லாத அறையில் ஒரு புதிய வரி வந்து நிற்கும்போது, எதிர் நாற்காலியை யாரோ இழுத்துப் போட்டு உட்கார்ந்ததைப் போல இருக்கும்.

கடைசியாக நான் போனபோது ஐந்தாம் அத்தியாயம் பாதியில் நின்றது. "மீதிய நீ எழுதிரு. ஆனா என்னைய மாதிரி எழுதிப் பாக்காத. நீ சிரிக்காம எழுதுதவ, அப்படியே எழுது" என்றார். முயல்வதாகச் சொன்னேன். "இப்பமும் நீங்க வாங்கன்னுதான் பேசுத. ராணின்னு ஒரு தடவ கூப்பிட்டா வாய் வெந்தா போவும்?" என்று கேட்டார். எனக்கு வரவில்லை. அவர் அதற்கும் சிரித்தார்.

அந்த அத்தியாயத்தை இப்போது தனியாக எழுதிக்கொண்டிருக்கிறேன். இடப் பாதியில் அவர் எழுதி நிறுத்திய பக்கம். வலப் பாதியில் என்னுடையது. வேலை முன்பைவிட வேகமாகவே நடக்கிறது. குறுக்கே பேச ஆளில்லை. அறைக்குப் புதிதாக ஒருவர் வருவார் என்கிறார்கள். வருபவர் மரியாதையாகத்தான் பேசுவார். என்னை "ஏட்டி" என்று அழைக்க இனி இந்த ஊரில் ஒருவரும் இல்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை சில பழக்கங்கள். தேவையானதை மட்டும் திறக்கிறேன். ஒரு நேரத்தில் ஓர் அருவியில் மட்டும் நிற்கிறேன். கடைசி மணி அடித்ததும் விசில் ஊதாமல் எல்லாவற்றையும் மூடுகிறேன். ஐந்தருவியில் மட்டும் ஒரு டேப் இருக்கிறது. இறப்பதற்கு முந்தைய நாள் மாலை அவர் திறந்தது. குற்றாலத்தில் அன்று தண்ணீர் எவ்வளவு விழுகிறது என்ற செய்திப் பக்கம். புத்தகத்துக்கு அதனால் பயனில்லை. அந்தச் செய்தியும் பழசாகிவிட்டது. தினமும் கடைசியாக என் கை அதனிடம் போய் நிற்கிறது. அது வேலை இல்லை என்று எனக்குத் தெரியும், ராணி. நாளைக்கு மூடுகிறேன்.