ட்யூப்லைட்டில் ஓடும் பெட்டியும் ஒரு துண்டும்

இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவு மெல்லிய பூச்சை விற்கக் கிளம்பியவளுக்கு வாய்த்த வாடிக்கையாளர்கள் எல்லோரும், கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்கிறவர்கள். விற்பதற்கு முன் விளக்கிச் சொல்லியாக வேண்டிய தொழில் எதுவானாலும், அதில் மாட்டிக்கொண்டவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

கண்ணாடித் துண்டின் மேல் தலைமுடியைவிட மெல்லிசாக ஒரு சிலிக்கான் பூச்சு. அவ்வளவுதான் என் சரக்கு. வீட்டு ட்யூப்லைட் வெளிச்சத்திலேயே அது சின்னக் கருவி ஒன்றை ஓட்டிவிடும். ஜெர்மனியில் பதினைந்து வருஷம் இதைத்தான் செய்தேன். இப்போது மும்பையில், வீடு மாட்டுங்காவில், பட்டறை தாராவியில். கூட இருப்பவர் இசக்கி, தாராவியிலேயே பிறந்து வளர்ந்தவர், சால்டரிங்கில் கெட்டிக்காரர். கேஸ் கசிந்தால் கத்துகிற பெட்டி செய்கிறோம். பேட்டரி மாற்ற மறந்து யாரும் சாகக் கூடாது என்பது என் வைராக்கியம்.

வெயில் எங்கே?

செம்பூரில் பெரிய ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் முதல் பெட்டியைக் கொண்டுபோனோம். நான் விளக்கினேன், அவர் இசக்கியைப் பார்த்துத் தலையாட்டினார். நான் கேட்ட கேள்விக்கு இசக்கியிடம் பதில் சொன்னார். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் வெயிலில் காட்டினார். உள்ளே இருக்கிற வெளிச்சமே போதும் என்று மூன்றாம் முறை சொன்னபோது என் குரல் உயர்ந்துவிட்டது. அப்போதுதான் முதல் தடவையாக என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"லைட்டப் போட்டு கரண்ட் பில்லு கட்டி, அந்த லைட்டுலேர்ந்து கரண்ட் எடுக்கறதாம்மா? இதுக்கு உங்க ஊருல சோலார்னு பேரா?"

ஷோகேஸில் ஒரு காவலாளி

எங்கள் கட்டடத்தில் ரிட்டயர் ஆன பேங்க் ஆபீசர் ஒருவர் ஆசையாகக் கேட்டதால் ஒன்று கொடுத்தேன். பத்து நாள் கழித்துப் போனால், சமையலறையில் பெட்டியைக் காணோம். ஹாலில் கண்ணாடி ஷோகேஸுக்குள், பேரன் போட்டிகளில் ஜெயித்த கோப்பைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தது. கீறல் விழாமல் இருக்க நாங்கள் ஒட்டியிருந்த நீல பிளாஸ்டிக்கூடப் பிரிக்கப்படவில்லை. பாதி வெளிச்சத்தை அது தின்றது, மீதியை ஷோகேஸ் தின்றது. அடுப்பு இருப்பது அந்தப் பக்கம், பெட்டி இருப்பது இந்தப் பக்கம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"கிச்சன்ல வெச்சா எண்ணெய்ப் பிசுக்கு ஏறிடாதோ? நன்னா இருக்கற சாமானை எதுக்குப் பாழடிக்கணும்?"

திறந்து பார்ப்பது யார்?

அண்ணாச்சி மறுபடி கூப்பிட்டார். என்னை அல்ல, இசக்கியை. இசக்கி போனை ஸ்பீக்கரில் போட்டார். கறுப்புக் கண்ணாடியை மேலே சும்மா ஒட்டிவிட்டு உள்ளே மட்டமான பேட்டரி ஒன்றை வைத்துக் கொடுத்தால் நிறைய எடுத்துக்கொள்கிறாராம். பேட்டரி தீர்ந்தால் பெட்டி ஊமை. ஊமையானது வீட்டுக்காரருக்குத் தெரியவும் தெரியாது. அதைச் சொன்னேன். ரத்தம் கொதித்ததில் ஜெர்மனும் கலந்து வந்தது.

"அரே, மேடமும் அங்கதான் இருக்காங்களா? கோவப்படாதீங்க மேடம், சோலார்னு எழுதியிருந்தா போதும், எவன் திறந்து பாக்கப் போறான்?"

மாவுக்குக் கத்தியது

பட்டறைக்கு அடுத்த சந்தில் பேச்சியம்மாள் அக்கா இட்லி அவித்து விற்கிறார். பத்துக்குப் பத்து அறையில் நாலு அடுப்பு, ஒரே வாசல், ஜன்னல் கிடையாது. இந்தப் பெட்டி யாருக்காவது அவசியம் என்றால் அவருக்குத்தான். நானே ஆணி அடித்து மாட்டினேன். மறுநாளே கத்தத் தொடங்கிவிட்டது, ஆனால் கேஸுக்கு அல்ல. புளித்த மாவு டிரம்மைத் திறந்தால், அதிலிருந்து எழும் ஆவியைக் கேஸ் என்று நினைத்துக் கத்துகிறது. இதை எந்த ஆய்வுக்கூடமும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சரிசெய்ய ஒரு வாரம் கேட்டேன்.

அதுவரை சத்தத்தை நிறுத்த ஒரு பொத்தான் வைக்கலாமே என்றார் இசக்கி. முடியாது என்றேன். அமுக்கிவிட்டு மறந்துவிடுவார்கள், இவர்களை நம்ப முடியாது. இதை அக்காவின் முன்னாலேயே சொன்னேன் என்பதுதான் அசிங்கம். அவர் மாவைக் கரைத்தபடியே சொன்னார்:

"கேஸு ஒழுகுனா எனக்குத் தெரியாதாம்மா? எனக்கு மூக்கு இல்லியா?"

துண்டு

வாரம் முடிந்து, திருத்திய பெட்டியோடு காலை பதினொரு மணிக்குப் போனேன். சந்து திரும்பும்போதே கேஸ் நாற்றம். உள்ளே அக்கா சட்னி தாளிக்கக் கடாயை ஏற்றிவிட்டு லைட்டரைக் கையில் எடுத்திருந்தார். நான் போட்ட சத்தத்தில் லைட்டர் கீழே விழுந்தது. அவரை வெளியே இழுத்துவிட்டு சிலிண்டரை மூடினேன். ரப்பர் குழாய் அடுப்பிலிருந்து கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு மூன்று நாளாகச் சளி, மூக்கு அடைத்துக் கிடந்தது. சுவரில் என் பெட்டி ஊமையாக இருந்தது. அதன் மேல் ஒரு ஈரிழைத் துண்டு மடித்துப் போட்டிருந்தது.

துண்டு போட்டால் சத்தம் அமுங்கும் என்று போட்டிருக்கிறார். வெளிச்சம் போய், சேமித்திருந்த மின்சாரம் இரண்டு நாளில் தீர்ந்து பெட்டி செத்திருக்கிறது. சந்தில் நின்று கத்தினேன். செத்திருப்பீர்கள், பக்கத்து அறைக்காரர்களும் செத்திருப்பார்கள், அறிவு வேண்டாமா என்று என்னென்னவோ. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கையை முந்தானையில் துடைத்தபடி அக்கா சொன்னார்:

"பொத்தான் வைக்க மாட்டேன், இவுகள நம்ப முடியாதுன்னு சொன்னது நீங்கதானம்மா. அன்னைக்கே அதை வச்சிருந்தியன்னா நான் எதுக்குத் துண்டப் போடுதேன்?"

இப்போது எல்லாப் பெட்டியிலும் ஒரு பொத்தான் இருக்கிறது, அமுக்கினால் பத்து நிமிஷம் வாயை மூடிக்கொண்டு பிறகு தானே விழித்துக்கொள்ளும். அதே மாதிரி ஒன்றை எனக்கும் எங்கே பொருத்தலாம் என்று இசக்கி இடம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.