வேலை செய்யாமல் போன சிம்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு 'வலிக்காத ஊசி' என்று பெயர். இருபத்திரண்டு வருஷமாக ரத்தம் எடுக்கிறவள். "எப்ப குத்துவீங்க?" என்று வந்தவர்கள் கேட்கும்போது அவள் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருப்பாள். யாருக்கும் வலி கொடுத்துப் பழகாத கை. அதனால்தானோ என்னவோ, பிறகு நடந்தது அவளை அப்படி அரித்தது.

வீட்டுக்காரர் பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை நிமிஷம் தாமதம் என்று முப்பது வருஷம் எழுதிய மனிதர். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து அவர் கண்காணிப்பில் மிஞ்சியது ஒரே ஒரு வண்டிதான். ஒன்பது பத்துக்கு "போய்ச் சேந்துட்டியா?", பதினொன்றுக்கு "டீ குடிச்சியா?", ஒன்றேகாலுக்கு "சாப்பிட்டியா?". நடுநடுவே உப்பு எங்கே, சாவி எங்கே, கொடியில் கிடக்கிற துணி காய்ந்ததா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது. ஒருவர் கையில் ஊசியை இறக்கிக்கொண்டிருக்கும்போது அவள் பையில் போன் அதிரும். கூட வேலை பார்க்கிற பெண்கள், "சார் விசில் ஊதிட்டாரு, வண்டியை எடுங்கக்கா" என்று சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். அவரிடம் ஒருநாளும் எரிந்து விழுந்ததில்லை.

கூடத்துக்குப் புதிதாக ஒரு பெரிய இயந்திரம் வருவதாக இருந்தது. அதைக் கையாளக் கற்றுக்கொள்ள, அதைச் செய்கிற நாட்டுக்கே ஒருவரை அனுப்பச் சொன்னார்கள். பெரிய டாக்டர் அவளைக் காட்டினார். பத்து நாள். அதுவரை விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி.

தெருமுனையில் இருந்த செல் கடைக்கு வீட்டுக்காரர்தான் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் நாற்பது வயசுக்காரர், மெல்லப் பேசுகிறவர். கட்டம் கட்டமாக ஒரு படத்தைத் திரையில் காட்டினார்.

"இதுக்கு பிளாஸ்டிக் சிம்மே கிடையாதுக்கா. இ-சிம்மு. இந்தப் படத்தை உங்க போன் கேமராவுல காட்டினா போதும், லைன் உள்ள வந்து உக்காந்துரும். உங்க பழைய சிம்மை விமானம் ஏறும்போதே அணைச்சிருங்க, இல்லேன்னா பில்லு தீட்டிருவான். அங்க இறங்கினதும் இதை ஆன் பண்ணி, ரோமிங்கையும் ஆன் பண்ணுங்க. நெட்டு ஓடும், வாட்ஸ்அப்ல பேசலாம்."

"சிம்மே இல்லாம சிம்மா? மாப்பிள்ளையே இல்லாம கல்யாணம்கிற மாதிரி இருக்கே" என்றார் வீட்டுக்காரர். "கட்டாயம் வேலை செய்யுமா?"

"செய்யும் சார்."

"செய்யலேன்னா?"

"என்னை வந்து கேளுங்க. நான் இங்கதானே இருக்கேன்."

போய் இறங்கியதும் கடைக்காரர் சொன்னபடியே செய்தாள். அரை நிமிஷத்தில் லைன் வந்தது. கூடவே பத்தொன்பது செய்திகள். கூப்பிட்டு, வந்து சேர்ந்துவிட்டேன் என்றாள். தங்கும் விடுதிக்குப் போய்ச் சேர்வதற்குள் அவர் நாலு தடவை கூப்பிட்டார்.

மூன்றாவது மாடியில் சின்ன அறை. ஒரு கட்டில், ஒரு மேஜை, வெந்நீர்க் கெட்டில், ஜன்னல். செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே படுத்தாள். போன் நடுங்கியது. 'கதவை தாழ் போட்டியா?' எழுந்து தாழ் போட்டாள். மறுபடி நடுங்கியது. 'ரெண்டு தாழ் இருந்தா ரெண்டையும் போடு.'

அவள் யோசித்துச் செய்யவில்லை. விரல் தானாக செட்டிங்ஸுக்குப் போனது, அந்த லைனை அணைத்தது. காலையில் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள்.

காலையில் டீயைச் சூடாக, கடைசிச் சொட்டு வரை, யாருக்கும் பதில் சொல்லாமல் குடித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு டீ குடித்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை. லைனைப் போடவில்லை. பத்து மணிக்குப் பயிற்சி நடக்கும் இடத்தில் இருந்த அலுவலகப் போனிலிருந்து வீட்டுக்குப் பேசினாள்.

"அந்த சிம்மு நின்னு போச்சுங்க. என்னன்னு தெரியல. தினம் சாயங்காலம் இந்த போன்லேர்ந்து ரெண்டு நிமிஷம் பேசறேன்."

பொய் அவ்வளவு சுலபமாக வருமென்று அவளே எதிர்பார்க்கவில்லை.

நாலு மணிக்குப் பயிற்சி முடிந்துவிடும். பிறகு கால் போன போக்கில் நடப்பாள். பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தின்பாள். ஒருநாள் சாலையில் தார் போடுகிறவர்களை ஒரு மணி நேரம் நின்று பார்த்தாள். ஐந்தாம் நாள் வழி தவறிவிட்டது. வேறு வழியில்லாமல் லைனைப் போட்டு வரைபடத்தைப் பார்த்தாள். செய்திகள் மளமளவென்று கொட்டின. ஒன்றையும் திறக்கவில்லை. விடுதி வாசல் தெரிந்ததும் மறுபடி அணைத்துவிட்டாள்.

திரும்பி வந்தபோது விமான நிலையத்தில் அவர் இரண்டு மணி நேரம் முன்னதாகவே வந்து நின்றிருந்தார். ஆள் இளைத்திருந்தார். டாக்சியில் ஏறி உட்கார்ந்ததும் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். வண்டிக் கணக்கு எழுதிய அதே குண்டு குண்டான கையெழுத்து. ஒன்று, செட்டிங்ஸ். இரண்டு, மொபைல் நெட்வொர்க். மூன்று, இரண்டாவது லைன்.

"நீ ரோமிங்கை ஆன் பண்ணியிருக்க மாட்டே. அதான் கோளாறு. நான் எல்லாத்தையும் கேட்டுக் கத்துக்கிட்டேன். போன்ல சொல்லலாம்னா நீ ரெண்டு நிமிஷத்துல வெச்சுடறே."

ஒரு போட்டோவை அனுப்பத் தெரியாத மனிதர். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அஞ்சாம் நாள் ஒரு கூத்து" என்றார் அவர். "எல்லா மெசேஜுக்கும் திடீர்னு ரெண்டு டிக் விழுந்துச்சு. வந்துருச்சு, வந்துருச்சுன்னு செல் கடைக்கு ஓடினேன். கடை சாத்தற வரைக்கும் அங்கேயே உக்காந்திருந்தேன். அப்புறம் ஒண்ணையும் காணோம். அன்னிக்குத்தான் எனக்கு வந்துச்சு பாரு ஒரு கோவம்! நாலு பேர் முன்னாடி அவனைப் பிடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன். ஏமாத்துக்காரன்னு சொல்லிட்டேன்."

"அவர் என்ன சொன்னாரு?"

"என்ன சொல்லுவான்? தப்பு என் மேலதான் சார்னான்."

அன்றைக்குச் சாப்பாடு அவளுக்கு இறங்கவில்லை. பயணக் களைப்பு என்றாள். அதுவும் பொய்.

மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் செல் கடையில் நின்றாள். 'வெளிநாட்டு இ-சிம் கிடைக்கும்' என்று கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளைக் காணோம். பசைத் தடம் மட்டும் இருந்தது. கடைக்காரர் ஏதோ ஒரு போனுக்குத் திரை மாற்றிக்கொண்டிருந்தார்.

"தம்பி, அந்த சிம்மு நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான்..."

"தெரியும்க்கா." அவர் நிமிரவில்லை. "விக்கிறவங்களுக்குன்னு ஒரு பக்கம் இருக்கு, எவ்வளவு நெட்டு ஓடியிருக்குன்னு காட்டும். இறங்கின அன்னிக்கு ஓடியிருக்கு. அஞ்சாம் நாள் கால் மணி நேரம் ஓடியிருக்கு. கெட்டுப்போன லைன் அப்படி ஓடாது."

அவளுக்குக் காது சுட்டது. "அவர்கிட்ட ஏன் சொல்லல?"

"தினம் சாயங்காலம் நீங்க பேசறீங்கன்னு சார் சொன்னாரு. நல்லா இருக்கீங்க, அப்ப நீங்களே அணைச்சிருக்கீங்க. ஏதோ காரணம் இருக்கும். அதைப் போட்டு உடைச்சுட்டு, உங்க வீட்டுல என்ன ஆகும்னு நானா வந்து பாக்கப் போறேன்? ஏச்சு என்னோட போகட்டும்னு விட்டுட்டேன்." இப்போதுதான் நிமிர்ந்தார். "ஆனா கோவமே இல்லேன்னு சொன்னா பொய்க்கா. சார் கத்தினப்போ என் பொண்ணு கடையில இருந்தா. ஏமாத்துக்காரன்னா என்னப்பான்னு அப்புறம் கேட்டா."

அன்றைக்கு 'வலிக்காத ஊசி' இரண்டு பேருக்கு இரண்டாம் தடவை குத்த வேண்டியதாயிற்று.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் பையைக்கூட இறக்காமல் சமையலறை வாசலில் நின்றாள். அவர் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்.

"அந்த சிம்மு கெடல. நான் அணைச்சு வெச்சிருந்தேன்."

"அதைத்தானே நானும் சொல்றேன்" என்றார் அவர் உற்சாகமாக. "தெரியாம விரல் பட்டிருக்கும். போனைப் பத்தி ஒண்ணும் தெரியாதவனா இருந்தாலும் நான் சரியாக் கண்டுபிடிச்சேன் பாத்தியா?"

தப்பித்துக்கொள்ள நல்ல வழி. அவரே திறந்துவிட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இத்தோடு முடிந்தது. அவளுக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"தெரியாம இல்லீங்க. தெரிஞ்சுதான்."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மெல்ல அதை மூடினார்.

"ஏன்?"

"கொஞ்ச நாள் யாரும் கூப்பிடாம இருந்தா தேவலைன்னு தோணுச்சு."

"யாரும்னா..." ஈரக் கையைத் துடைக்காமலே நின்றார். "என்னைத் தவிர உன்னை யார் கூப்பிடறா?"

அவர் கத்துவார், கத்தட்டும் என்று காத்திருந்தாள். அவர் கத்தவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினார். அவளும் பின்னாலேயே போனாள்.

செல் கடையில் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். பணிமனையில் ஓட்டுநர்களைக் கூப்பிட்டுப் பழகிய குரலில் அவர் சொன்னார்:

"தம்பி, அன்னிக்கு எல்லாரும் கேக்கத்தான் உன்னைத் திட்டினேன். இதையும் எல்லாரும் கேக்கட்டும். உன் சிம்முல ஒரு குறையும் இல்ல. எனக்குத்தான் போன் பாக்கத் தெரியல. வயசானவன், வாய்க் கொழுப்புல பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதே."

"ஐயோ, விடுங்க சார்."

அவர் இல்லை, நான்தான் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். கடைக்காரரின் பார்வை ஒரு நொடி அவள் மேல் பட்டு விலகியது. நின்றவர்களில் ஒருவர் அவளிடம் ரத்தம் கொடுத்தவர். தெரிந்த முகமாகச் சிரித்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள். அவளுடைய ஒரு பொய்க்கு இரண்டு ஆண்கள் தலையைக் கொடுத்துவிட்டார்கள், அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த ஒரு நிமிஷம்தான் பத்து நாளைவிட அவளுக்குப் பெரிதாகிப்போனது.

அதற்குப் பிறகு அவளால் முடிந்ததைச் செய்தாள். கூடத்துக்கு வருகிறவர்களில் யார் வெளிநாடு போவதாகச் சொன்னாலும், "நம்ம தெருமுனைக் கடையில வாங்குங்க, நான் வாங்கின சிம்மு அருமையா ஓடுச்சு" என்பாள். பெரிய டாக்டரே அங்கேதான் வாங்கினார். கண்ணாடியில் மறுபடி தாள் ஒட்டியாகிவிட்டது.

வீட்டில் சண்டை எதுவும் இல்லை. அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. ஆனால் ஒன்பது பத்துக்குப் போன் வரவில்லை. பதினொன்றுக்கும் இல்லை. உப்பு எங்கே இருக்கிறதென்று அவரே தேடிக்கொண்டார் போல. நிம்மதியாக ரத்தம் எடுக்கலாம். அவளோ ரத்தம் பிடிக்கிற ஒவ்வொரு குழாய்க்கும் நடுவில் பையைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னக்கா, வண்டிக்கு இப்பல்லாம் விசிலே இல்ல?" என்றாள் ஒருத்தி. இவளால் சிரிக்க முடியவில்லை.

மூன்றாம் வாரம் ஒரு மதியம் அவளே கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

"என்ன? ஏதாவது அவசரமா?"

"இல்லீங்க. சாப்பிட்டீங்களான்னு..."

"ஆச்சு, ஆச்சு. நீ வேலையைப் பாரு. ஆளுங்க காத்திருப்பாங்க."

வைத்துவிட்டார். குரலில் கோபம் துளியும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மரியாதை இருந்தது. மறுநாளும் அதே நேரத்துக்குக் கூப்பிட்டாள். அதற்கு மறுநாளும்.