எந்த ரோட்டு ஆறாங்கட்டை?

மழை நின்ற தார்ச்சாலையின் சூட்டு மணம் பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டு மாடிவரை ஏறி வரும்போதெல்லாம், கையில் பென்சிலோடு ஒரு வேனின் முன்சீட்டில் மறுபடி உட்கார்ந்துவிடுகிறேன். எனக்கு வயது பத்து, ஓட்டுவது அம்மா, ஊர் காப்பார்.

அப்பா ஜொகூரில் கப்பல் பட்டறையில் இருந்தார். "எல்லாரும் இங்கேயே வந்துருங்க" என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதினார். அம்மாவுக்கோ, தன் ஊரில் தன் சம்பளத்தில் நிற்க வேண்டும் என்று ஒரே பிடி. லைசென்ஸ் எடுத்தாள். போர்ட் கிள்ளான் பக்கத்து பேக்டரிக்குப் பெண்களை ஏற்றி இறக்க நாலைந்து வேன்கள் வைத்திருந்த செல்வம் அண்ணேயிடம் போய் நின்றாள். "பொம்பள வேன் ஓட்டி நான் பாத்ததில்ல தங்கச்சி" என்று இழுத்தவர், இரண்டு வாரம் பார்ப்போம் என்று ஒன்றைக் கொடுத்தார்.

முதல் நாளே தவறியது. "ஆறாங்கட்டையில ஏழு பொண்ணுங்க நிப்பாங்க" என்று சொல்லியிருந்தார். கிள்ளானிலிருந்து எத்தனையாவது மைல் என்பதைத்தான் எங்கள் ஆட்கள் 'கட்டை' என்பார்கள். மைல்கல்லைப் பிடுங்கிக் கிலோமீட்டர்க் கல் நட்ட பிறகும் வாய் மாறவில்லை. எந்த ரோட்டில் என்று சொல்லும் வழக்கம் மட்டும் யாருக்கும் கிடையாது, அவரவர் இருக்கும் ரோடே ரோடு. காப்பார்க்காரியான அம்மா காப்பார் ரோட்டு ஆறாங்கட்டையில் வேனை நிறுத்திக் காத்திருக்க, ஏழு பெண்களும் கிள்ளானிலிருந்தே வேறு பக்கம் பிரியும் மேரு ரோட்டு ஆறாங்கட்டையில் வேனுக்காகக் காத்து நின்றார்கள். ஷிப்ட் போயிற்று.

"இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா வேன வேற ஆளுக்குக் குடுத்துருவேன்" என்றார் செல்வம் அண்ணே.

அம்மா வீட்டுக்கு வந்து அழவில்லை. அரிசி களைந்தபடியே, "ஞாயித்துக்கெழம எங்கூட வா, நோட்டு எடுத்துக்கோ" என்றாள்.

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள் அவள்; பலகையில் நீண்டு கிடக்கும் ஊர்ப்பெயரை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் வேன் முச்சந்தியைக் கடந்துவிடும். அதே பலகையில் இருக்கும் ரோட்டு எண் அப்படியல்ல, ஒரு பார்வைக்குள் அடங்கும். காப்பார் ரோட்டில் வெறும் ஐந்து. வெறும் எண் என்றால் மாநிலம் மாநிலமாகத் தாண்டி ஓடும் மத்திய அரசு ரோடு. மேரு பக்கம் திரும்பினாலோ எண்ணுக்கு முன்னால் ஒரு 'பி', சிலாங்கூர்க் கார்களின் நம்பர் பிளேட்டில் இருக்கும் அதே பி, இது எங்கள் மாநிலத்து ரோடு என்று. பேரா மாநிலத்துக்கு ஏ, நெகிரிக்கு என், ஜொகூருக்கு ஜே. செம்பனைத் தோட்டத்துக்குள் நுழைந்து, பாசார்ச் சந்தை ஓரம் வளைந்து, பாலம் ஏறி இறங்கி, பெண்கள் ஏறும் ஒவ்வொரு இடத்துக்கும் ரோட்டு எண்ணையும் கல்லின் எண்ணையும் எழுதிக்கொண்டே போனேன்.

"ஜே வர்ற வரைக்கும் ஓட்டலாமா ம்மா? அப்பாவப் பாத்துடலாம்."

"மொதல்ல பி-ய ஒழுங்கா முடிப்போம் லா. வாய மூடிட்டு எழுது."

மறுநாள் செல்வம் அண்ணே, ஒன்பதாங்கட்டையில் புதிதாக மூன்று பேர் என்றார்.

"எந்த ரோட்டுக் கட்டண்ணே? நம்பர் சொல்லுங்க."

"என்ன தங்கச்சி, டிராபிக் போலீஸ் மாதிரி கேக்குற?"

"சொல்லிட்டுச் சிரிங்க."

அவருக்குத் தெரியவில்லை. அங்கிருந்த இரண்டு டிரைவர்களைக் கேட்டார். ஆளுக்கொரு ரோட்டைச் சொல்லி அவர்களுக்குள்ளேயே சண்டை பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பெண்களின் வீட்டுக்கே ஆள் அனுப்பி விசாரித்த பிறகுதான் அம்மா வண்டியைக் கிளப்பினாள். அதற்குப் பிறகு அந்த இரண்டு வாரத்தில் ஒருத்திக்கும் ஷிப்ட் தவறவில்லை.

இன்று கைபேசிக்குள் ஒரு குரல் 'இருநூறு மீட்டரில் இடது' என்கிறது, நாமும் திரும்புகிறோம், எந்த ரோட்டில் இருக்கிறோம் என்று கேட்பாரில்லை. ரோடு அகலமானபோது பழைய கற்கள் போயின, செம்பனை போய் வீடமைப்பு வந்தது, என் நோட்டும் எந்த வீடு மாறியபோதோ தொலைந்தது. அம்மாவும் கண் மங்கி ஓட்டுவதை விட்டுவிட்டாள், பின்சீட்டில் உட்கார்ந்து என்னை விரட்டுவதோடு சரி.

ஆனால் அந்த இரண்டு வாரம் முடிந்த சனிக்கிழமை மாலை நினைவை விட்டுப் போகவில்லை. செல்வம் அண்ணே எங்கள் வாசலுக்கு வந்து, தேத்தண்ணியைக் குடித்து முடித்து, மோட்டார்சைக்கிளில் ஏறிக்கொண்டு சொன்னார்:

"பந்திங் பக்கம் ஒரு வேன் சும்மா நிக்குது. உனக்குத் தெரிஞ்ச டிரைவரா ஒரு ஆளப் புடிச்சுக் குடு தங்கச்சி."

"ஆம்பளையா, பொம்பளையா?"

அவர் வண்டியை உதைத்துக் கிளப்பினார். "ரோடு தெரிஞ்சா போதும்மா. வரேன்."