பாம்பு என்று கத்தியது

திருகோணமலை இறங்குதுறையில், மூதூர் லாஞ்சுக்கான சோதனை வரிசையில் நிற்கிறேன். கிளிவெட்டியில் தங்கச்சிக்கு இன்றோ நாளையோ பிள்ளை பிறக்கும். இந்த லாஞ்சைத் தவறவிட்டால் இன்று வேறு இல்லை. அடையாள அட்டை இருக்கிறதா என்று பத்தாவது தடவையாகத் தடவிப் பார்க்கிறேன். பக்கத்து மண்மூட்டையின்மேல் இரண்டு தலைகள் அசைகின்றன.

"பாம்பு! பாம்பு!" என்று கத்துகிறேன்.

காவல் நிற்கும் ஆமிக்காரனுக்குத் தமிழ் தெரியாது. சிங்களத்தில் குண்டுக்குப் பெயர் 'போம்ப'. அவன் துவக்கை என் நெஞ்சுக்கு நேரே நீட்டுகிறான். வரிசை முழுவதும் குப்புற விழுகிறது. நான் மட்டும் கைகளை உயர்த்தியபடி நிற்கிறேன்.

பின்னால் நின்ற மூதூர் வியாபாரி, படுத்தபடியே அவனிடம் சிங்களத்தில் ஏதோ சொல்கிறார். பிறகு என்னிடம் திரும்புகிறார்.

"அது பாம்பில்ல தம்பி, பெரிய அந்துப்பூச்சி. செட்டை நுனி பாம்புத் தலை மாதிரி இருக்கும். எங்கட கொய்யா மரத்தில புழுவாக் கிடந்து இலையெல்லாம் திண்டுபோட்டு கூடு கட்டும். பூச்சியான பிறகு அதுக்குத் தின்ன வாயே இல்ல. முட்டைய போட்டுட்டுச் செத்துப்போயிரும்."

"வாயே இல்லையோ?"

"ஓம். அதுக்கும் சேத்து நீங்க கத்திட்டீங்க."

பூச்சி செட்டையை முழுவதும் விரிக்கிறது. ஆமிக்காரன் பின்னால் நகர்கிறான். பையைத் திறக்கச் சொல்லாமல், தூர நின்றே எங்களைப் போகும்படி கை காட்டுகிறான். நம்பி விட்டானா, பயந்து விட்டானா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

லாஞ்ச் கரையை விட்டு விலகுகிறது.

"தம்பி," என்கிறார் வியாபாரி, "இனிக் கையக் கீழ விடுங்க."