போத்தல்களைத் துடைத்த பாவம்

எழுபதுகளின் நடுவில், மெல்பேர்னுக்கு வெளியே ஒரு ஸ்பானியக் குடும்பத்தின் வைன் தோட்டத்தில் வேலை பார்த்தேன். திருநீறு பூசிக்கொண்டு மதுச்சாலைக்குள் போகிறவனை முருகன் என்ன நினைப்பான் என்று முதல் மாதம் முழுக்கக் கூசினேன். வேறு வேலை கிடைக்கவில்லை. முதலாளிக் கிழவரோ, நான் குடிக்காதவன் என்பதற்காகவே என்னை எடுத்தார்.

பாட்டன் காலத்து முறையைத்தான் கிழவர் இங்கேயும் கொண்டு நடத்தினார். சிவப்பு வைனை மூன்று வருஷம் மரப்பீப்பாயில் வைப்பது. பிறகு போத்தலில் அடைத்து, நிலவறையில் படுக்கவைத்து, ஒன்பது வருஷம் தொடாமல் விடுவது. லேபல் ஒட்டுவது விற்கிற அன்றுதான். அதுவரை எந்த அடுக்கு எந்த வருஷத்தது என்பதற்கு, போத்தல்களின் அடியில் வெண்கட்டியால் எழுதிய இலக்கந்தான் சாட்சி. புளித்த பழச்சாற்றுக்கு இத்தனை தவமா என்று எனக்கு இளக்காரம். ஆனால் கிழவர் வாயில் பொய் வராது. அதற்காக அவரை மதித்தேன்.

ஊரில் மனைவி கைக்குழந்தையோடு இருந்தாள். அவர்களைக் கூப்பிட, எனக்கு நிரந்தர வேலை உண்டு என்று முதலாளி எழுதிய கடிதம் வேண்டும். தை முடிவதற்குள் தருவதாகச் சொல்லியிருந்தார்.

பொங்கலுக்கு முதல் நாள் கிழவர் சிட்னியில் மகள் வீட்டில் இருந்தார். நிலவறைக்கு மேலேதான் என் அறை. அதைக் கழுவினேன். கீழே அத்தனை ஒட்டடையும் பூஞ்சணமும் கிடக்க மேலே சூரியனுக்குப் பொங்கி என்ன புண்ணியம்? நிலவறையையும் கழுவி, ஒவ்வொரு போத்தலாக ஈரத்துணியால் துடைத்தேன். இலக்கங்கள் அழிந்தன. கொப்பியிலும் எழுதி வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். கொப்பி என்று ஒன்று இருக்கவில்லை.

மறுநாள் கிழவரின் மகன் பார்த்தான். முதலில் தலையில் கைவைத்தான். பிறகு சிரித்தான். அடுத்த கிழமையே ஒரு ஹோட்டல்காரரைக் கூட்டிவந்தான். கூடவே அந்த ஹோட்டலில் கணக்கு வேலை பார்த்த எங்கள் ஊர்க்காரர் ஒருவரும் வந்தார். எனக்கு இந்த வேலையைத் தேடித்தந்தவரே அவர்தான்.

மகன் வாசலோரத்து அடுக்கில் ஒரு போத்தலை உருவி, "பன்னிரண்டு வருஷம்" என்றான். அந்த அடுக்கு போன குளிர்காலத்தில் என் கையால் அடுக்கியது. ஹோட்டல்காரர் கிளாஸைச் சுழற்றினார், மூக்கை உள்ளே விட்டார், கண்ணை மூடினார், வாயில் கொப்பளித்து வாளியில் துப்பினார். விழுங்கினால் பாவம், துப்புவதற்காக வாங்குவதை எதில் சேர்ப்பது? எங்கள் ஊர்க்காரர் அவரைப் பார்த்துப் பார்த்து அதையே செய்தார். "ஆ, பழசின்ர வாசம்!" என்று என்னிடம் தமிழில் வேறு சொன்னார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணை, இது போன வருஷம் நான் அடுக்கினது. அந்தாளிட்டைச் சொல்லுங்கோ."

"சும்மா இரும் காணும். உமக்கென்ன தெரியும்? எப்பவாவது நாக்கில பட்டிருக்கோ?"

"நாக்கில படேல்லை, முதுகில பட்டது. நானெல்லோ சுமந்தனான்."

"என்ன சொல்கிறான்?" என்று ஹோட்டல்காரர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"நல்ல நாளில் வந்திருக்கிறீர்களாம்" என்றார் இவர். புகழ்ந்த வாயால் எப்படித் திருத்துவார்? அந்த அடுக்கு முழுவதும் அன்றே விலையானது. மகன் போகிறபோது என் தோளில் தட்டி, "உன் கடிதம் என் மேசையில் இருக்கிறது" என்றான்.

இரண்டு இரவு நான் தேவாரம் பாட வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் கிழவர் வந்ததும், எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன், துடைத்ததையும் சேர்த்து. அவர் வாசலோரத்துப் போத்தல் ஒன்றை விளக்குக்கு எதிரே பிடித்தார். பழைய வைனில் அடிமண்டி கிடக்கும். இதில் ஒன்றுமில்லை. விற்பனையை அன்றே நிறுத்தினார். மகனுக்கு விழுந்த ஏச்சு ஸ்பானிய மொழியில் இருந்தாலும் எனக்கு நன்றாக விளங்கியது.

பிறகு என் பக்கம் திரும்பினார். "எல்லா அடுக்கிலும் வருஷம் எழுதி முடிக்கும்வரை உனக்குக் கடிதம் இல்லை."

அடுக்குக்கு ஒரு போத்தலாகத் திறந்து, காலையில் வெறும் வயிற்றில் ருசித்துத்தான் அவர் சொல்வார். தடிமன் பிடித்து மூக்கடைத்தால் அந்தக் கிழமை போயிற்று. ஆவணி வரை இழுத்தது. அதற்குப் பிறகு விசாவுக்கு இன்னொரு வருஷம்.

மனைவியும் பிள்ளையும் வந்த அன்று எனக்கு வாகனம் இல்லாததால் அந்தக் கணக்குக்காரரிடம்தான் கேட்கவேண்டியிருந்தது. விமானநிலையத்தில் நான் கையை நீட்ட, பிள்ளை தாயின் சேலைக்குப் பின்னால் ஒளிந்தது.

"ஆரம்மா இந்த மாமா?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "பாரும், மாமாவாம்!" அந்தச் சிரிப்பை மன்னிக்கும் மனத்தைத் தா என்று முருகனிடம் கேட்டுத்தான் வருகிறேன். இன்னும் தரவில்லை.