லீவு முடியும் வரை ஆட்டக்காரன்

துபாய் கராமாவில் எங்கள் ரூமில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் வார இறுதியில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுகிறவர். ஹெல்மெட், தோளில் கவசம், முட்டை மாதிரிப் பந்து, அதேதான். கோடை லீவுக்குப் பாதி டீம் அமெரிக்கா போய்விட்டது. "நீ கபடி விளையாடினனீதானே, வாடா" என்று என்னை இழுத்துக்கொண்டு போனார். காலேஜில் நான்தான் முதல் ரைடர். பந்தைக் கையில் கொடுத்து, எதிரணிக் கோட்டைத் தாண்டி ஓடு என்றார்கள். இதெல்லாம் ஒரு வேலையா?

முதல் ஆட்டத்திலேயே இரண்டு பேரை ஏமாற்றிவிட்டேன். மூன்றாவது ஆளின் விரல் தோளில் உரசியது. உடம்பு தானாகத் திரும்பியது. வந்த வழியே எங்கள் பக்கத்துக்குப் பறந்தேன்.

"டேய்! எங்கயடா ஓடுறாய்? அங்கால, அங்கால!"

"தொட்டுட்டேன்ணே!"

"தொட்டா? அதுக்கு?"

ஆள் மேல் பட்டால் கோட்டுக்குத் திரும்பு. பத்து வருஷக் கபடி எனக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான். கோச் எகிப்துக்காரர். தலையில் கை வைத்து, அரபியில் "கலாஸ்", முடிந்தது, என்றார்.

திரும்பும்போது மெட்ரோவில் அண்ணன் ஆரம்பித்தார். "உலகப் போர் நேரம் அமெரிக்காவில பெரிய ஆட்டக்காரர் எல்லாரும் ஆமிக்குப் போயிட்டினம். மிச்சம் ஆர்? கண் சரியாத் தெரியாதவை, வயசு போனவை. அப்பிடி டீமுக்குள்ள வந்த ஒருத்தரைப் பற்றி வாசிச்சனான். சண்டை முடிஞ்சு அவையள் திரும்பி வர, ஆள் வெளியில."

"இப்ப எதுக்குண்ணே இந்தக் கதை?"

"நீயும் அந்த ஆள்தான். செப்டம்பரில லீவு முடியுது."

சுருக்கென்றது. நாள் முழுக்க எக்ஸெல் பார்க்கிறவனுக்கு வாரம் ஒருமுறை யார் மேலாவது போய் மோதுவது எவ்வளவு சுகம் தெரியுமா? அந்த ஜெர்சியை விட எனக்கு மனசில்லை. "பந்தே வேணாம், பந்தோட வர்றவனைப் பிடிக்கிறேன்" என்று கோச்சிடம் கெஞ்சித் தடுப்பு வரிசைக்கு மாறினேன்.

செப்டம்பரில், தடுப்பு வரிசையில் நான் நின்ற இடத்துக்குச் சொந்தக்காரர் லீவு முடிந்து வந்தார். பனைமரம் மாதிரி ஓர் அமெரிக்கர். கோச் பந்தை அவர் கையில் கொடுத்து, "நிறுத்திக் காட்டு" என்று என்னைப் பார்த்தார். அமெரிக்கர் என் மார்பைக் குறிவைத்து ஓடி வந்தார். மார்பு அங்கே இருந்தால்தானே? தரையோடு தரையாகச் சரிந்து கணுக்காலைக் கவ்வினேன். மரம் சாய்ந்தது.

"கபடி! கபடி!" வெளியே நின்று அண்ணன் அலறினார்.

அமெரிக்கர் புல்லைத் துப்பிக்கொண்டே சிரித்தார். வேறு இடத்தில் ஆடிக்கொள்கிறேன் என்று அவரே கோச்சிடம் சொல்லிவிட்டார்.

ஜெர்சி இப்போது என் கட்டிலுக்கு மேலே தொங்குகிறது. பந்தை மட்டும் இன்னும் யாரும் என் கையில் தருவதில்லை.